இரண்டாம் சாட்சி

ஜூன் 3, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து கீழப்பரம்பை நீதிமன்றம் இன்று திறந்தது. பதினொரு மணிக்கெல்லாம் பியூன் ஒரு துணிப்பையில் ஏழு புகார்க் கட்டுகளைக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கிவிட்டுப் போனார். "வீடா இது, ரெக்கார்டு ரூமா?" என்று தெய்வானை தும்மினாள். ஓய்வு பெற்ற கணவனுக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறதே என்ற நிம்மதி அவளுக்குக் கிடையாது.

புது நோட்டு என்பதால் என் வேலையை ஒருமுறை எழுதி வைக்கிறேன். வழக்கு போட்டால் எதிராளிக்கு அழைப்பாணை போக வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் அமீனா. வீட்டில் ஆள் இல்லாவிட்டால், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு கதவில் ஒட்டிவிட்டு வரலாம். ஒட்டினால் கையில் கொடுத்த மாதிரிதான். பிறகு அவர் நீதிமன்றம் வராவிட்டால், அவர் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். "எனக்கு அழைப்பாணையே வரவில்லை" என்று யாராவது புகார் கொடுத்தால் அதை நீதிமன்றத்து ஆட்களே விசாரிப்பது முறையல்ல என்று, சென்ற ஆண்டு வெளியாள் ஒருவரை மறுஆய்வாளராக வைத்தார்கள். அந்த வெளியாள் நான். ஆ. பொன்னுத்துரை. தபால்காரனாகச் சேர்ந்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவன். ஒரு தாள் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

பத்து மாதத்தில் நாற்பத்தொரு புகார்கள். நாற்பத்தொன்றையும் பதிவேட்டை வைத்துப் பார்த்து, ஆதாரமில்லை என்று முடித்தேன். ஒன்றில்கூடத் தாமதம் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

முருங்கையில் கம்பளிப்பூச்சி. தெய்வானை வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். முழங்கால் வலி.

ஜூன் 5, புதன்

ஏழில் ஐந்தைப் புரட்டிப் பார்த்து வைத்தேன். ஆறாவது குருவம்மாள் என்பவருடையது. கருவாடு விற்பவராம். வீடு தனக்கே சொந்தம் என்று அவர் கொழுந்தன் வழக்குப் போட்டு, இவர் வராததால் இவர் இல்லாமலே ஜெயித்துவிட்டார். 28ஆம் தேதி காலை வெளியேற்றம். என் அறிக்கை இவருக்குச் சாதகமாக 27க்குள் போய்ச் சேர்ந்தால் நீதிபதி உத்தரவை நிறுத்தி வைக்கலாம். இல்லாவிட்டால் தெருதான்.

புகார் மொத்தம் நான்கு வரி. "எனக்கு ஒரு தாளும் வரவில்லை. புருசன் கட்டிய வீடு. போக வேறு இடம் இல்லை. வந்து பாருங்கள்."

வந்து பாருங்களாம்! மறுஆய்வு என்றால் பதிவேட்டைப் பார்ப்பது. வீடு வீடாக ஏறி இறங்குவதற்கு இது ஓட்டு கேட்கும் வேலையா?

அமீனா இன்னாசியின் குறிப்பு ஒழுங்காக இருக்கிறது. "நவம்பர் 14. கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒட்டப்பட்டது. சாட்சிகள்: 1. அருளப்பன். 2. கோ. திருமேனி." இரண்டாவது கையெழுத்தில் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, வளைந்து திரும்பி வந்து பெயர் முழுவதற்கும் அடியில் ஓடுகிறது. எங்கோ பார்த்த கையெழுத்து. எங்கே என்று நினைவில்லை.

ஜூன் 7, வெள்ளி

சும்மா இருக்க முடியாமல் முடித்த பழைய கட்டுகளின் நகல்களை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றிலும் கதவு பூட்டியிருந்தது. நாற்பத்தொன்றிலும் இரண்டாவது சாட்சி கோ. திருமேனி. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, ஒரே ஆள் போய் நின்றிருக்கிறார். முன்பு எப்படிக் கண்ணில் படவில்லை? பட்டிருக்கலாம். சாட்சி இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன், யார் என்று பார்ப்பதில்லை.

இன்னொன்று. பக்கம் புரட்டும்போது கட்டைவிரலில் நீல மை ஒட்டியது. கையெழுத்தின் அடிக்கோடு கலைந்திருந்தது. எல்லாம் ஜெராக்ஸ் நகல்கள். ஜெராக்ஸில் ஏது ஈர மை? வேப்பெண்ணெய்க் கையாக இருக்கும். இரண்டு முறை சோப்புப் போட்டேன்.

ஜூன் 10, திங்கள்

தபால்காரனாக இருந்தபோது என் சுற்றில் ஒரு திருமேனி உண்டு. உப்புக்கிணற்றுத் தெரு, ஒன்பதாம் எண். இவர் அவர் இல்லை. அவராக இருக்க வழியில்லை.

ஜூன் 11, செவ்வாய்

குருவம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். புகார்தாரரை நான் நேரில் பார்ப்பதில்லை என்று சொன்னேன்.

"என்னயப் பாக்க வேணாம்ய்யா. வீட்ட வந்து பாருங்க. கதவுல ஒட்டுனோம்னு எழுதியிருக்காகளாம்ல, வக்கீலு சொன்னாரு. எந்தக் கதவுலய்யா ஒட்டுனாக?"

"உங்க வீட்டுக் கதவுலதான்."

"எங்க வீட்டுக்குக் கதவே கெடையாதுய்யா. சொவரு வச்சாரு, ஓடு போட்டாரு, நெலையும் வச்சாரு. கதவு வாங்குறதுக்குள்ள போயிட்டாரு. பதினோரு வருசமா சேலைதான் தொங்குது."

தெய்வானை அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னிடம், "போய்த்தான் பாத்துட்டு வாங்களேன். முழங்காலு என்ன தேய்ஞ்சா போயிரும்?" என்றாள். ஏற்கெனவே தேய்ந்துதான் இருக்கிறது. அதை டாக்டர் சொன்னபோது இவளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 12, புதன்

போனேன். கதவு இல்லை.

கீல் அடித்த தடம்கூட நிலையில் இல்லை. மஞ்சள் சேலை ஒன்று தொங்குகிறது. உள்ளே அடுப்பு, இரண்டு கூடை, அவர் புருசன் படம். அவ்வளவுதான் வீடு. காற்றே இல்லாத மத்தியானம். ஆனால் நான் நின்ற நேரம் முழுக்கச் சேலையின் கீழ்முனை மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது, யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பதுபோல. குருவம்மாள் என் பின்னால் நின்றிருந்தார். வேறு யாரும் அங்கே வசிப்பதில்லையாம்.

ஜூன் 14, வெள்ளி

இரண்டு நாள் யோசித்தேன். குருவம்மாள் சொல்வது சரி என்று எழுதினால், இன்னாசி அந்தப் பக்கமே போகவில்லை என்றாகும். அப்படியானால் மற்ற நாற்பத்தொன்று? அவற்றை மூடியவன் யார் என்று கேட்பார்கள். முப்பத்தெட்டு வருடம் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வேலை பார்த்தவன் நான்.

கதவு என்று எழுதியதை நுழைவாயில் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். நிலையில் ஒட்டியிருக்கலாம், மழையில் போயிருக்கலாம். சாட்சிகள் இருவர் இருக்கிறார்கள். புகாருக்கு ஆதாரமில்லை என்று மதியம் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். திங்கட்கிழமை பியூனிடம் கொடுக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. தெய்வானை வடகம் பிழிந்து மாடியில் காயவைத்தாள். காக்கை விரட்ட நான்.

ஜூன் 17, திங்கள்

பியூன் வந்தார். இழுப்பறையைத் திறந்து அறிக்கையை எடுத்தேன். என் கையெழுத்துக்கு அடியில் இன்னொரு கையெழுத்து இருந்தது. கோ. திருமேனி. கடைசி எழுத்திலிருந்து கோடு வளைந்து, அவர் பெயருக்கு அடியில் மட்டுமல்ல, என் பெயருக்கு அடியிலும் ஓடியிருந்தது.

பியூனை வெறுங்கையோடு அனுப்பினேன். சாவி என் அரைஞாண் மாதிரி எப்போதும் இடுப்பிலேயே இருக்கிறது என்று தெய்வானை கேலி செய்வாள். அவளிடம் அந்தச் சாவியை நான் கொடுத்ததே இல்லை. கேட்டும் பார்த்தேன். "ஒங்க தாளத் தொட்டா தும்மலு வருது, நான் எதுக்குத் தொடுறேன்" என்றாள்.

அறிக்கையைக் கிழித்தேன். பயமாக இருக்கிறது. நோட்டில்தானே, எழுதலாம்.

ஜூன் 20, வியாழன்

இன்னாசியை வரச் சொல்லியிருந்தேன். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். வழுக்கை, வெற்றிலை, வண்டியில் இரண்டு பக்கமும் பை. உட்காரச் சொன்னேன். குருவம்மாள் வீட்டுக்குக் கதவு இல்லை என்றேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"சார், நாப்பது கிராமத்துக்கு ரெண்டு பேரு. எல்லா வீட்டுக்கும் போனா நான் மனுசனா இருக்க முடியாது. பூட்டியிருந்துச்சுன்னு எழுதுனா வேல முடிஞ்சிரும். ஒங்களுக்குத் தெரியாததா? நீங்களும் பை தூக்குனவருதான."

"அருளப்பன் யாரு?"

"எங்க பெரியப்பா. செத்து இருவது வருசம் ஆச்சு. சாட்சிக்குக் கூப்புட்டா எவன் சார் வர்றான்? அவரு பேரப் போட்டுக்குவேன். அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

"திருமேனி?"

அவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அத நான் எழுதுறதில்ல, சார்."

"பின்ன யாரு எழுதுறா?"

"மாதா மேல சத்தியமா தெரியாது. நான் ஒத்த பேருதான் எழுதுவேன். ரெண்டாவது எடத்த அப்பறமா பாத்துக்கலாம்னு விட்டுட்டு வருவேன். ஆபீசுல எடுத்துக் குடுக்கறப்ப அது ரொம்பியிருக்கும். மொதத் தடவ கிளார்க்கு எவனோ நமக்கு ஒத்தாசை பண்றான்னு நெனச்சேன். கேட்டேன், எவனும் இல்லைன்னுட்டான். போன ஆகஸ்டுலருந்து இப்பிடித்தான். அதுக்கு முன்னாடி கெடையாது."

போன ஆகஸ்டில்தான் என்னை மறுஆய்வாளராக நியமித்தார்கள்.

போகும்போது வாசலில் நின்று, "சார், போவாம எழுதுனது தப்புத்தான். என் மேல எழுதுங்க. அந்தப் பேரு வர்றது நிக்கிதான்னு பாப்போம்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஜூன் 21, வெள்ளி

மருந்துக்கடைக்குப் போய்விட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். தெய்வானை புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்களத் தேடி ஒரு ஆளு வந்தாரு. முப்பது வயசு இருக்கும். வெள்ளச் சட்ட, நனஞ்சு போயி இருந்தாரு. வெயிலு மண்டையப் பொளக்குது, எங்கிட்டுப் போயி நனஞ்சாருன்னு தெரியல."

"என்ன வேணுமாம்?"

"'எனக்கு ஏதும் வந்திருக்கா'ன்னு கேட்டாரு. சாரு வரட்டும், ஒக்காருங்கன்னேன். பரவால்ல, நாளைக்கு வாரேன்னு போயிட்டாரு. பாவமா இருந்துச்சு."

வாசல்படியில் ஈரம் இருந்தது. குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. கரித்தது.

ஜூன் 22, சனி

"இன்னைக்கும் வந்தாரு" என்றாள். நான் கொல்லையில் இருந்தேன். கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். கேட்டது.

ஜூன் 24, திங்கள்

இன்றும் எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால், இதே ஆனி மாதம். நான் தபால்காரன். உப்புக்கிணற்றுத் தெரு ஒன்பதாம் எண் திருமேனிக்குப் பதிவுத் தபால் வந்தது. அரசாங்க உறை. ஊரில் தேர்த் திருவிழா, தெரு முழுக்கக் கடைகள், கூட்டம். அந்தத் தெரு என் சுற்றில் கடைசி. போகச் சோம்பல். கதவு பூட்டியிருந்தது என்று எழுதினேன். அடுத்த நாளும் எழுதினேன். அதற்கடுத்த நாளும் எழுதினேன். ஏழு நாள் அலுவலகத்தில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இவ்வளவுதான் என்று முப்பத்தேழு வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவ்வளவு இல்லை. நான்காம் நாள் அவர் அலுவலகத்துக்கு வந்தார். வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் கை வைத்து, "எனக்கு ஏதும் வந்திருக்கா?" என்று கேட்டார். உறை எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால், மூன்று நாளும் வீட்டில்தானே இருந்தேன், ஏன் பூட்டியிருந்தது என்று எழுதினீர்கள் என்று கேட்பார். ஒன்றும் வரவில்லை என்றேன். அதன் பிறகு மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் சொன்னேன்.

பிறகு விஷயம் தெரிந்து என் மேல் புகார் கொடுத்தார். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அதிகாரி வந்து என் பதிவேட்டைப் பார்த்தார். அந்தத் தெருவுக்குப் போகவில்லை. புகாருக்கு ஆதாரமில்லை என்று மூடினார். புகார்த் தாளில் திருமேனியின் கையெழுத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோடு வளைந்து திரும்பி வரும். ஆடி மாதம் அவரை உப்புக்கிணற்றிலிருந்து எடுத்தார்கள். நான் அந்தத் தெருவுக்குள் பிறகு போகவே இல்லை. சுற்றை மாற்றி வாங்கிக்கொண்டேன்.

தெய்வானையிடம் சாயங்காலம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அந்தப் பொம்பளைக்காவது ஒழுங்கா எழுதுங்க" என்றாள்.

ஜூன் 26, புதன்

இரண்டு நாளாக எழுதி இன்று முடித்தேன். ஒன்பது பக்கம். கதவு இல்லாத வீட்டில் கதவில் ஒட்டியதாக எழுதப்பட்டது, குருவம்மாளின் புகார் உண்மை. நான் மூடிய நாற்பத்தொன்றையும் வேறொருவர் திறந்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் திருமேனியைப் பற்றியும் எழுதினேன். வெளியாள் என்று நம்பி நியமித்தார்கள்; நான் வெளியாள் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நாளை காலை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஜூன் 27, வியாழன்

நீதிமன்றக் கதவு பூட்டியிருந்தது.

ஆனித் தேர், உள்ளூர் விடுமுறை. காலண்டரில் சிவப்பாகவே போட்டிருக்கிறது. அறிக்கையே கதியென்று கிடந்ததில் பார்க்கவில்லை. நாளை விடிந்தால் வெளியேற்றம். காவலாளி, "தலைமை எழுத்தர் கமருன்னிசா மேடம் வீட்டுல குடுங்க சார், அவசரம்னா ஜட்ஜய்யா வீட்டுக்கு அவங்கதான் எடுத்துட்டுப் போவாங்க" என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். போன மாதம்தான் மாறி வந்தார்களாம். உப்புக்கிணற்றுத் தெரு, பதினொன்று.

சிரித்துவிட்டேன். காவலாளி ஒரு மாதிரி பார்த்தார்.

தெய்வானை துணைக்கு வந்தாள். தெருவில் அன்றைக்குப் போலவே வளையல் கடை, பலூன், கரும்புச்சாறு. கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். கமருன்னிசா கதவைத் திறந்து, நாங்கள் சொன்னதைக் கேட்டு, அறிக்கையை வாங்கிக்கொண்டார்.

"விடுமுறையில வீட்டுல வச்சு வாங்குறேன் சார். பின்னாடி பேச்சு வரக் கூடாது. ஒப்புகையில ரெண்டு சாட்சி போட்டுருங்க."

முதல் சாட்சியாகத் தெய்வானை போட்டாள். இரண்டாவதற்கு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு வருகிறேன் என்று நானே இறங்கினேன். பக்கத்து வீடு ஒன்பதாம் எண்.

நீலக் கதவு, சாயம் உரிந்திருந்தது. துருப்பிடித்த பூட்டு. நாதாங்கியில் சிலந்தி வலை. அந்தக் கதவு திறந்து பல வருடம் ஆகியிருக்கும். இருந்தும் தட்டினேன். வாய் தன்னால், "பதிவுத் தபால், சார்" என்றது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

"ஆள் யாரும் இல்லை, வேறு வீட்டில் கேட்கிறேன்" என்றேன்.

கமருன்னிசா ஒப்புகையை மடித்துக்கொண்டிருந்தார். "வேணாம் சார், அதான் அவரே வந்து போட்டுட்டாரே. ஒம்பதாம் நம்பர்க்காரரு. நீங்க அங்கிட்டுப் போனீங்க, அவரு இங்கிட்டு வந்தாரு."

என் நகலில் மை ஈரமாக இருந்தது. கோடு வளைந்து, திரும்பி, அவர் பெயருக்கு அடியில் மட்டும் ஓடியிருந்தது.

திரும்பும் வழியில் தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுக்கு வந்த ஆளுதான்" என்றாள். "இன்னைக்கு நனஞ்சிருக்கல."

ஜூன் 28, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கே உத்தரவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வழக்கை மறுபடி விசாரிப்பார்கள், இந்த முறை குருவம்மாள் முன்னிலையில். இன்னாசிதான் அந்தத் தாளைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாராம். குருவம்மாள் நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொண்டுவந்து வைத்தார். வாங்கக் கூடாது என்றேன். தெய்வானை வாங்கிக்கொண்டு மோர் கொடுத்தாள். நான் ராஜினாமாக் கடிதத்தைப் பியூனிடம் கொடுத்தேன்.

பிறகு ஒரு தாள் எடுத்து எழுதினேன். "கோ. திருமேனி அவர்களுக்கு. தபால்காரர் பொன்னுத்துரை மீது தாங்கள் கொடுத்த புகார் மறுஆய்வு செய்யப்பட்டது. புகார் உண்மை. தங்களுக்குத் தபால் வந்திருந்தது." தெய்வானையிடம் மைதாவில் பசை காய்ச்சச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கிண்ணத்தை முந்தானையில் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

பகல் பன்னிரண்டு மணி. உப்புக்கிணற்றுத் தெரு, எண் 9. கதவு பூட்டியிருந்தது. நேரில் போய்ப் பார்த்து எழுதுகிறேன். தட்டினேன், காத்திருந்தேன், கதவில் ஒட்டினேன். முதல் சாட்சி தெய்வானை. இரண்டாம் சாட்சிக்கு இடம் விட்டிருக்கிறேன்.